அடுப்பைத் திருகி மூட முடியாது: பெங்களூரு வீட்டில் வெந்நீருக்கு எந்த வழி?

இராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருக்கும் முப்பதுக்கு நாற்பது மனையின் பின்கட்டில், என் தந்தை 1986இல் கட்டிய குளியலறை ஒன்று சென்ற ஆண்டு வரை நின்றுகொண்டிருந்தது. அதன் மூலையில், இங்கே கன்னட வீடுகளில் ஹண்டே என்றும் எங்கள் வீட்டில் அண்டா என்றும் சொல்லப்படும் 60 லிட்டர் செம்புப் பாத்திரம், சுவரோடு சேர்த்துப் பூசிய மண் அடுப்பின் மேல் பதிக்கப்பட்டிருந்தது. சுவர் வெடித்து, இடித்துக் கட்டுவது என்று முடிவானபோது, அந்த அடுப்பின் இடத்தில் என்ன வரப்போகிறது என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் ஆறு பேர். கீழே ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு குளியலறைகள். 81 வயதான என் தாயாருக்கு வேளை கெட்ட வேளையில் வெந்நீர் வேண்டும். மற்றவர்களுக்குக் குழாயைத் திறந்தவுடன் வந்தால் போதும். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, பக்கத்து மரக்கடையிலிருந்து சும்மா கிடைக்கும் வெட்டுத் துண்டுகள் ஆகியவற்றால் விறகுக்குப் பஞ்சமில்லை. அதனால் விறகை அறவே கைவிட மனம் வரவில்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் கிராமப்புறத்தில் வசிக்கும் என் தங்கை மகன், "மாமா, எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை அளவிலான விறகு பாய்லர் இருக்கும். அதன் நெருப்பறையைச் சுற்றிப் பல நூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் நிலத்தடிக் குழாய் வழியே வீட்டுக்குள் சுற்றவிடும். குளியல் தண்ணீர் செல்லும் பாதையில் ஒரு வெப்பமாற்றி பொருத்தப்பட்டிருக்கும். பாய்லர் தண்ணீரும் குளியல் தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நடுவிலுள்ள உலோகச் சுவர் வழியே சூடு மட்டும் இடம் மாறும். ஏற்பாடு நேர்த்தியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே ஐந்தாறு மாதங்கள் அந்த நெருப்பு அணைவதே இல்லை, ஏனென்றால் அது எரிவது வீட்டையே சூடாக்குவதற்காக. குளியல் தண்ணீர் அதன் உபரி. பெங்களூருவின் சனவரி விடியலில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கினாலும் நாம் வீட்டைச் சூடாக்குவதில்லை. ஒரு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். நாம் நெருப்பு மூட்டுவது குளியலுக்காக மட்டுமே என்பதால், அவர்களுக்கு உபரியாகக் கிடைப்பதை நாம் ஒவ்வொரு நாளும் தனியாக விலை கொடுத்துப் பெற வேண்டியிருக்கிறது. ஒப்பீட்டை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தேவையை அளந்துகொள்வோம். மாடித் தொட்டித் தண்ணீர் குளிர்காலக் காலையில் 22 டிகிரி என்றும், விளாவிய பிறகு குளிக்கும் பதம் 42 டிகிரி என்றும் கொண்டால், 20 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒருவருக்கு ஒன்றரை வாளி, அதாவது ஏறக்குறைய 25 லிட்டர் என்றால், ஆறு பேருக்கு 150 லிட்டர். அதற்கு 3,000 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் இது மூன்றரை யூனிட். மொத்த அளவு இவ்வளவுதான், பயப்படும்படி ஒன்றுமில்லை. சிக்கல் மொத்தத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால்தான் மூன்று நிமிடத்தில் ஒரு வாளி நிரம்பும். அந்த ஓட்டத்தை ஓடும்போதே 20 டிகிரி ஏற்றுவதற்கு எட்டேகால் கிலோ வாட்டுக்கும் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். நம் வீட்டு விறகு அடுப்பு மணிக்கு மூன்று கிலோ காய்ந்த விறகை எரித்து, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்தாலும், கிடைப்பது ஐந்து கிலோ வாட்டுக்குள்தான். அண்டா அடுப்போ அந்த நாற்பதை எட்டியதே இல்லை. ஒரு நாள் எடை போட்டுப் பார்த்தேன்: 60 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 62 டிகிரிக்குக் கொண்டுவர ஐந்து கிலோ விறகு எரிந்தது. கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்று வைத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது ஏழில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கொல்லைக்கும் சுவருக்கும் போயிற்று.

ஆக, குழாய் கேட்கும் வேகத்துக்கு அடுப்பால் ஈடு கொடுக்க முடியாது. குழாயை மூடினால் அடுப்பு அணையவும் அணையாது. எரிவாயுவை ஒரு வால்வு கட்டுப்படுத்தும், மின்சாரத்தை ஒரு சுவிட்ச் கட்டுப்படுத்தும். மூட்டிய விறகுக்கு அப்படி எதுவும் கிடையாது. எனவே விறகில் 'கேட்டவுடன் வெந்நீர்' என்று யார் சொன்னாலும், அதற்கு உள்ளே எங்கோ சூடு சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். எங்கே, எந்தத் தண்ணீரில் சேமிப்பது என்பதில்தான் தெரிவுகள் பிரிகின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மை அதுவன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு குழாய்க்காரரின் யோசனைப்படி, அண்டா அடுப்பின் நெருப்புக்குள்ளேயே எட்டு மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து வைத்து, ஒரு முனையை மாடித் தொட்டியோடும் மறுமுனையைக் குளியலறைக் குழாயோடும் இணைத்தோம். சேமிப்பு என்ற பேச்சே இல்லை. தண்ணீர் நெருப்புக்குள் ஓடி வெந்நீராக வெளியே வரும் என்பது எண்ணம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தவரை வந்தது. என் மகன் தலைக்குச் சீயக்காய் தேய்ப்பதற்காகக் குழாயை மூடிய இரண்டாவது நிமிடத்தில், சுவருக்குள் யாரோ உரலில் இடிப்பது போலக் கடகடவென்று சத்தம் கேட்டது. அவன் மறுபடி திறந்தபோது குழாய் இருமிக்கொண்டு வெள்ளை ஆவியைக் கக்கியது. வெளியே வந்து பார்த்தால், சுருளோடு இணைத்திருந்த சிபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாய் வெயிலில் வாடிய முருங்கைக்காய் போலத் தொங்கி, இணைப்பில் பிளந்திருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டராக விரியும்; பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் கொதிப்பதும் இங்கே 97 டிகிரியிலேயே. அன்று மாடித் தொட்டிப் பக்கம் வழி திறந்திருந்ததால் பெரும்பகுதி ஆவி அந்த வழியாகப் பின்னால் போயிற்று. அங்கே ஒரு வால்வு மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே கை தயங்குகிறது. நெருப்புக்குள் நேரே சுருள் என்ற வழியை நான் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்வதில்லை. அழுத்தம் விடுவிக்கும் வால்வு இருந்தாலும் சரி, வீட்டுக்கு அது வேண்டாம்.

பழைய பித்தளை பாய்லரை நினைவுபடுத்திக்கொள்வது இங்கே பயன்படும். அல்சூரில் என் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒன்று இருந்தது: நடுவில் புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர், மேலே ஒரு புனல், பக்கவாட்டில் ஒரு மூக்கு. ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைப் புனலில் ஊற்றினால் அது அடிக்குச் செல்லும். மேலே நின்ற ஒரு செம்பு வெந்நீர் மூக்கு வழியே வாளியில் விழும். ஊற்றினால்தான் வரும், ஊற்றிய அளவே வரும். கேட்டவுடன் வெந்நீர் என்பதற்கு இதைவிட எளிய ஏற்பாட்டை நான் கண்டதில்லை. வாய் திறந்த பாத்திரம் என்பதால் அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நெருப்பும் நடுவில் நிற்பதால் அண்டா அடுப்பைவிட விறகு வெகுவாக மிச்சமாகும். இதன் குறை ஒன்றுதான்: வெந்நீர் அந்த மூக்கின் அருகில்தான் கிடைக்கும், குழாய் வழியே இரண்டு குளியலறைகளுக்குப் போகாது. வாளியைத் தூக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு இன்றும் இதுதான் என் முதல் பரிந்துரை.

குழாயில்தான் வர வேண்டும் என்றால், அந்த பாய்லரையே சற்று மாற்றி யோசிக்கலாம். நடுவில் புகைபோக்கி உள்ள 120 லிட்டர் உருளைத் தொட்டி. அதிலுள்ள தண்ணீர் யாரும் குளிப்பதற்கல்ல, சூட்டைத் தாங்கி நிற்பதற்கு மட்டும். அதற்குள் செம்புச் சுருள் மூழ்கியிருக்கும். மாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சுருளுக்குள் நுழைந்து, ஓடும்போதே சூடேறி, குளியலறைக்குச் செல்லும். தொட்டியின் மூடி தளர்வாக இருக்க வேண்டும். ஆவி தாராளமாக வெளியேறலாம். குறையும் தண்ணீரை ஒரு மிதவை வால்வு நிரப்பிக்கொள்ளும். சுருள் நெருப்பைத் தொடுவதில்லை என்பதால், குழாயை எவ்வளவு நேரம் மூடி வைத்தாலும் அதற்குள் நிற்கும் தண்ணீர் தொட்டியின் சூட்டைத் தாண்டாது. ஒன்டாரியோ வரைபடத்தின் உயிர்நாடியான, சூடு மாறலாம் தண்ணீர் கலக்காது என்ற அம்சம் இதிலும் இருக்கிறது. பம்பும் நிலத்தடிக் குழாயும் மட்டும் இல்லை.

இது போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய் 12 மீட்டர் நீளம் என்றால், வெளிப்பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். அசையாமல் நிற்கும் வெந்நீருக்கும் குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கும் இடையே, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 400 வாட் என்ற மிதமான கடத்தலை எடுத்துக்கொண்டால், தொட்டி 80 டிகிரியில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஏழு லிட்டருக்கு மேல் 42 டிகிரியில் பெறலாம். தொட்டி 55 டிகிரிக்கு இறங்கும்போது அது மூன்றரை லிட்டராகக் குறையும். அதாவது முதலில் குளிப்பவர் குழாயை முழுதாகத் திறக்கலாம். கடைசியில் வருபவர் பாதிதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெதுவெதுப்பாகத்தான் வரும். 80 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு இறங்கும்போது 120 லிட்டர் விட்டுக்கொடுக்கும் வெப்பம் 3,000 கிலோ கலோரி. எங்கள் ஆறு பேரின் குளியலுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. 55க்குக் கீழே தொட்டியில் தங்கும் சூடு வீண்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு வீண்தான், இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் அது. முற்றிலும் ஆறிய தொட்டியை மீண்டும் 80க்குக் கொண்டுவர ஐந்து கிலோ விறகு வேண்டும். இரண்டு அங்குலக் கண்ணாடிக் கம்பளி சுற்றி, தணல் முழுதும் அவிந்த பிறகு புகைபோக்கியை அடைக்கும் தகட்டை மூடி வைத்தால், மறுநாள் காலையிலும் 45 டிகிரி அளவில் நிற்கும். அப்போது மூன்று கிலோ போதும். தகட்டை மூட மறந்தால், இரவெல்லாம் குளிர்காற்று தொட்டியின் வயிற்றுக்குள் ஏறி, சேர்த்த சூட்டைத் திருடிக்கொண்டு போய்விடும்.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய இன்னொரு தடை, வெளிநாட்டு வரைபடங்களில் இடம்பெறுவதில்லை. அங்கே குழாயில் தண்ணீர் நல்ல அழுத்தத்தோடு வருகிறது. இங்கே மாடித் தொட்டியின் உயரமே நமக்குக் கிடைக்கும் அழுத்தம். மாடிக் குளியலறையின் ஷவர் என்னும் பூத்தூறலுக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருந்தால் அதிகம். 12 மீட்டர் சுருளுக்குள் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும்போது, அந்த இரண்டரையில் ஒரு மீட்டர் அளவு உராய்விலேயே கழிந்துவிடுகிறது. அதே 12 மீட்டரை ஆறு ஆறாக இரண்டு சுருள்களாக வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்தால், ஒவ்வொன்றிலும் பாதி ஓட்டம், பாதி நீளம்; இழப்பு ஏழில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். பரப்பு குறைவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, எழுத ஒரு வரிதான் ஆகிறது.

தகட்டு வெப்பமாற்றி, அதாவது மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டிய, கைக்கு அடக்கமான பெட்டி, தாளில் சுருளைவிடச் சிறந்தது: சிறிய இடத்தில் பெரிய பரப்பு, இரு பக்கமும் தண்ணீர் வேகமாகப் புரளும், சூடு விரைவாக மாறும். தொட்டி 55 டிகிரிக்கு இறங்கினாலும் அது சளைக்காது. ஆனால் தொட்டித் தண்ணீரை அதற்குள் தள்ள ஒரு பம்ப் வேண்டும். மழைக்காலக் காலையில் மின்சாரம் போனால் வெந்நீரும் போயிற்று. தகடுகளின் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவே என்பதால், மாடித் தொட்டியின் எளிய அழுத்தம் அதில் திணறும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அதை விரைவில் அடைக்கும். அழுத்த பம்பும் இன்வெர்ட்டரும் காவிரி இணைப்பும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம். தொட்டியின் பக்கத்தில் குழாய்க்குள் குழாயாக நிறுத்தி, பம்ப் இல்லாமல் சூட்டால் தானே சுழலவிடும் மற்றொரு வகையும் உண்டு. அது மெல்ல மெல்ல ஒரு சேமிப்புக் கலத்தை நிரப்பும். நாள் முழுதும் நெருப்பு எரியும் ஊருக்கு உரியது, ஒரு மணி நேரம் மூட்டும் நமக்கு உதவாது.

உப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த நகரில் வெந்நீர்க் கருவிகளைத் தின்பது அதுதான். காவிரி நீரேற்று நிலையம் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஏறி வரும் காவிரித் தண்ணீர் மென்மையானது. ஆனால் அது வாரத்தில் சில நாள், சில மணி நேரம். மிச்ச நாளெல்லாம் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான் என்பதை 2024 கோடையை இங்கே கழித்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடினத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வேகமாகப் படியத் தொடங்குகிறது. எங்கள் பழைய கீசரின் சூடேற்றும் கம்பியைக் கழற்றியபோது, அது வெள்ளைச் சோளக்கதிர் போல் தடித்திருந்தது. மூழ்கிய சுருள் ஏற்பாட்டில், ஆவியாகிக் குறைவதை ஈடுகட்டும் சிறிதளவைத் தவிர, தொட்டித் தண்ணீர் மாறுவதில்லை. முதல் சில நாளில் படிய வேண்டியது படிந்துவிடும், அதன் பிறகு புதிதாக வருவது மிகக் குறைவு. சுருளுக்குள் புதுத் தண்ணீர் ஓடினாலும், அது பெரும்பாலும் 42, 45 டிகிரியோடு வெளியேறிவிடுவதால் படிவு குறைவு. ஆண்டுக்கொரு முறை எலுமிச்சை உப்பைக் கரைத்துச் சுருளுக்குள் சில மணி நேரம் நிறுத்தி அலசினால் போதும் என்பது என் கணிப்பு. குளிக்கும் தண்ணீர் நாள் கணக்கில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்காததால், அந்த வெப்பத்தில் வளரும் நுண்கிருமிகளுக்கும் இதில் இடம் குறைவு.

போட்டியில் நிற்கும் மற்ற வழிகளுக்கு வருவோம். 15 லிட்டர் சேமிப்பு கீசர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றினால், விளாவிய பிறகு 28 லிட்டர் கிடைக்கும்: ஒரு குளியல். அடுத்த குளியலுக்கு, 2 கிலோ வாட் கம்பி என்றால், 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரே கீசர் என்றால் காலை இரண்டு மணி நேரம் வீட்டில் பேச்சுவார்த்தை நல்லவிதமாக இருக்காது. 3 கிலோ வாட் உடனடி கீசர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டரைத்தான் 20 டிகிரி ஏற்றும். வாளி நிரம்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கை கால் கழுவவும் பாத்திரம் கழுவவும் அது நல்லது, குளியலுக்குப் பொறுமை வேண்டும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எங்கள் தேவைக்கு இழப்புகளும் சேர்த்து நாளுக்கு 28 ரூபாய் ஆகும். எரிவாயு கீசர்தான் கேட்டவுடன் வெந்நீர் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது: நிமிடத்துக்கு 6 லிட்டர், திறந்தால் எரியும், மூடினால் அணையும். 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 40 நாள் வரும். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் நாளுக்கு 23 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் அதைக் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சத்தமின்றி ஆளைக் கொல்லும். அது வெளிச்சுவரில்தான் இருக்க வேண்டும். மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் சில கருவிகள் பற்றவே பற்றாது என்பதையும் வாங்கும் முன் சோதிக்க வேண்டும்.

சூரியச் சூடேற்றி இந்த நகரத்தின் செல்லப்பிள்ளை. மேலிருந்து பார்த்தால் மொட்டை மாடிகளில் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்து அதிகம் தெரிவது அதுவே. எங்கள் மாடியிலும் 200 லிட்டருக்கு ஒன்று ஒன்பது ஆண்டாக உழைக்கிறது; திசம்பர் முதல் மே வரை அதை மிஞ்ச எதுவும் இல்லை. சூலை, ஆகத்து மாதங்களில் வானம் ஈயத் தகடு போல் மூடிக்கிடக்கும் வாரங்களில் மட்டும் அதை நம்ப முடிவதில்லை. மொட்டை மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு வரும் 15 மீட்டர் குழாயில் ஆறிக் கிடக்கும் நான்கு லிட்டர் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வாளியில் பிடித்து ஒதுக்கி வைப்பது வேறு கதை. வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும் வெப்ப பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூட்டைத் தரும் நல்ல கருவி. ஆறு பேர் கொண்ட வீட்டுக்கு அதன் முதல் விலை எனக்கு ஒத்துவரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விறகின் செலவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிலோ 8 ரூபாய் கொடுத்து வாங்கினால், மூன்று முதல் ஐந்து கிலோ என்பது 24 முதல் 40 ரூபாய். எரிவாயுவை அது வெல்லவே முடியாது. ஆக, காசு கொடுத்து விறகு வாங்கும் நிலையில் உள்ளவர் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். சும்மா கிடைக்கும் விறகிலும் தரம் பார்க்க வேண்டும். ஈர விறகு தன் சூட்டின் பெரும்பங்கைத் தன்னையே உலர்த்துவதற்குச் செலவழித்துவிட்டுப் புகையை மட்டும் நமக்குத் தரும். வெட்டி ஆறு மாதமாவது நிழலில் அடுக்கி வைக்க வேண்டும். கோலார்ப் பக்கத்திலிருந்து வரும் தைலமரத் துண்டுகள் நன்றாக எரியும். கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் விஞ்சும், ஆனால் அதன் சுடர் முரட்டுத்தனமானது. கட்டட வேலையில் கழித்த சென்ட்ரிங் பலகை, பிளைவுட், வண்ணம் பூசிய கதவுத் துண்டு ஆகியவற்றைத் தொடவே கூடாது. பசையும் வண்ணமும் எரிந்து எழும் புகை யாருடைய நுரையீரலுக்கும் ஆகாது. அக்கம்பக்கத்தார் பிரச்சினையும் இதுவே. இரண்டு மாடி வீடுகள் தோளோடு தோள் நிற்கும் தெருவில், புகைபோக்கி நம் மொட்டை மாடியையும் பக்கத்து வீட்டுச் சன்னலையும் தாண்டி உயராவிட்டால், முதல் வாரத்திலேயே சண்டை வரும். அது நியாயமான சண்டையாகவும் இருக்கும்.

இத்தனை தெரிவுகளையும் சலிக்க ஒரு நல்ல சல்லடை தீபாவளி விடியற்காலை. ஊரிலிருந்து வந்தவர்களோடு சேர்த்து அன்று பன்னிரண்டு தலைகள், எல்லாவற்றிலும் எண்ணெய். நான்கு மணி முதல் ஆறு மணிக்குள் எல்லாரும் குளித்து முடிக்க வேண்டும். ஐப்பசி மேகத்தில் முந்தைய நாள் வெயில் இராது; சூரியத் தொட்டி பாதிச் சூட்டில் நிற்கும். சேமிப்பு கீசர் நான்காவது ஆளுக்கே மூச்சு வாங்கும். தேவை 300 லிட்டர், 6,000 கிலோ கலோரி. 120 லிட்டர் தொட்டி 80இலிருந்து 55க்கு இறங்கித் தருவது அதில் பாதி; மீதியைக் குளித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு தர வேண்டும். மணிக்கு மூன்று கிலோ என்று எரியவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 8,400 கிலோ கலோரி வந்துவிடும் என்பதால், கணக்கு இடம் விட்டே நிற்கிறது. இந்தச் சோதனையில் தேறுவது எரிவாயு கீசரும் சுருள் பாய்லரும்தான். அன்று மின்சாரம் போனாலும் கவலையில்லை. மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட ஒருவர் வேண்டும் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் வராத செலவு; எங்கள் வீட்டில் அது நான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவருக்கு விறகு என்ற பேச்சே வேண்டாம். 25 லிட்டர் சேமிப்பு கீசர் போதும், கூட்டம் அதிகமென்றால் பால்கனிச் சுவரில் எரிவாயு கீசர். தனி வீடு, மொட்டை மாடி உண்டு, விறகு இல்லை என்றால் சூரியச் சூடேற்றியும் அதற்குத் துணையாக ஒரு கீசரும். தனி வீடு, இலவச விறகு, காலையில் எழும் ஆள், புகைபோக்கிக்கு உயரம் ஆகிய நான்கும் ஒருசேர அமைந்த இடத்தில்தான் சுருள் பாய்லர் தன் இடத்தைப் பிடிக்கும்; இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போதுகூட அது சூரியனுக்கு மாற்று அல்ல, மேகத்துக்கு மாற்று.

நாங்கள் செய்தது இதுதான்: மாடியில் இருந்த சூரியத் தொட்டி அப்படியே இருக்கிறது. தாயாரின் குளியலறையில், நடு இரவில் அவர் யாரையும் எழுப்பாமல் திறந்துகொள்ள, சிறிய உடனடி கீசர் ஒன்று. கொல்லையில், குளியலறைக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ், 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் 120 லிட்டர் தொட்டி, எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய செம்புக் குழாயில் இரண்டு ஆறு மீட்டர்ச் சுருள்கள். சுருளில் தண்ணீருக்குள் இணைப்பு எதுவும் இல்லாதபடி ஒரே துண்டாக வளைக்கச் சொன்னேன். நான்கு முனைகளும் மூடி வழியே மேலே வருகின்றன, ஆகவே தொட்டியின் பக்கவாட்டில் ஒழுகுவதற்கு ஓர் ஓட்டையும் இல்லை. முனையிலிருந்து முதல் ஒன்றரை மீட்டர் செம்பு, அதன் பிறகே சிபிவிசி. தொட்டி 80 டிகிரியில் இருக்கும்போது குழாயைச் சிறிதாகத் திறந்தால் 60 டிகிரிக்கு மேல் வரும், அது சில நொடிகளில் தோலைப் பொத்துவிடும் என்பதால், இரு குளியலறைகளுக்கும் முன்னால் சூட்டைத் தானே அளந்து பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வால்வு ஒன்றை 43 டிகிரிக்கு வைத்துப் பூட்டியிருக்கிறோம். பழைய அண்டாவை விற்கவில்லை. அது இப்போது தென்னைக்கடியில் மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டு வைக்கும் கூடையாக இருக்கிறது. மழை நனைக்காமல் இருக்க அதற்கு ஒரு மூடி மட்டும் இன்னும் செய்தாகவில்லை.